ஜெபக் குறிப்பு

நீ ஜன்னல் பக்கமே உக்காந்துக்கோ கண்ணு. வளைவு ஆரம்பிச்சா வயித்தைப் பெரட்டும், மூஞ்சியில காத்து பட்டா கொஞ்சம் தேவலை. இந்தா, இந்த எலுமிச்சம்பழத்தைக் கையில வெச்சுக்கோ. தின்ன வேணாம், மோந்துக்கிட்டே வா. கீழ எறங்கினா எப்பவும் ஒண்ணு பையில போட்டுக்குவேன். எனக்குன்னு இல்ல, பக்கத்துல யாராவது உன்னை மாதிரி வருவாங்கல்ல.

குன்னூருக்குத்தானே? நானும் குன்னூருதான். பொறந்தது கோத்தகிரி, வாக்கப்பட்டு வந்தது குன்னூரு, முப்பத்தாறு வருஷம் ஆச்சு. எம்பேரு ரஞ்சிதம். வீட்டுக்காரரு வர்க்கி பிஸ்கட்டு சுடற பேக்கரியில அடுப்புல நின்னவரு. கர்த்தருக்குள்ள நித்திரையாகி அஞ்சு வருஷம். ரெண்டு பிள்ளைங்க. ரெண்டும் கல்யாணம் ஆனதுதான்.

மடியில வெச்சிருக்கறதா? எவர்சில்வர் டப்பா. காலையில இதுல வர்க்கி கொண்டுபோனேன். மேல கம்பியில வெக்கலாம்தான், வெச்சா குலுங்கும். உள்ள ஒரு கைப்பிடி சக்கரை இருக்கு. ஒரு கைப்பிடி சக்கரைக்கா இவ்வளவு பத்திரம்னு நீ நெனைப்ப. சொல்றேன்.

கோயமுத்தூர்ல என் மகளைப் பாத்துட்டு வர்றேன். ஹெப்சிபா. வீட்ல ஹெப்சி. பத்து மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் அவ மூஞ்சியப் பாத்தேன். பத்து மாசம் கண்ணு. கோயமுத்தூரு என்ன வெளிநாடா? தோஹாவுல இருக்கான் என் மகன் சைலஸ், அவன் ஞாயித்துக்கெழமை தவறாம போன் பண்றான். இவ இந்தா இருக்கற ஊர்ல இருந்துக்கிட்டு, நான் போன் போட்டா எடுக்க மாட்டா.

விடு. அவளைக் குத்தம் சொல்லல. நான் யாரையும் குத்தம் சொல்ற ஆளு இல்ல. எங்க தெருவுல யார்கிட்ட வேணா கேட்டுப் பாரு.

போன வருஷம் ஜூலை மழையில ஆரம்பிச்சது இது. அப்ப ஹெப்சியும் மருமகனும் குன்னூர்லயேதான் இருந்தாங்க. மருமகன் பேரு ஜெயசீலன். தேயிலை ஏலக் கம்பெனி ஒண்ணுல கிளார்க்கு. அதிர்ந்து பேசமாட்டாரு. கோயிலுக்கு வந்தா கடைசி பெஞ்சுல உக்காருவாரு, பாட்டுப் புஸ்தகத்தைப் பக்கத்துல இருக்கறவங்களுக்குக் குடுத்துட்டு மனப்பாடமாப் பாடுவாரு. அப்படி ஒரு பிள்ளை. அவரோட அம்மா சாந்தகுமாரி, அதான் எங்க சம்பந்தியம்மா, அவங்களும் எங்க சபைதான். ஒரே கோயில், ஒரே மார்க்கெட்டு. எங்க ஊர்ல நீ தும்முனா மேட்டுத் தெருவுல ஒருத்தர் துண்டு எடுத்துக்கிட்டு வருவாரு. சின்ன ஊரு.

கல்யாணம் ஆகி ஆறு வருஷம், பிள்ளை இல்ல.

அந்த ஜூலையில சபையில ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். முடிஞ்சு ஹால்ல கேக்கும் மிக்சரும் குடுத்தாங்க. குழந்தை கை மாறிக் கை மாறி வருது. ஹெப்சி கையை நீட்டினா. சம்பந்தியம்மா குறுக்க வந்து வாங்கிக்கிட்டாங்க. "அவகிட்ட வேணாம், இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. நாப்பது பேரு இருந்தாங்க. என் மக நீட்டின கையை மடக்க மறந்துட்டு நின்னா. நான் கேக்கு வெச்ச தட்டைக் கையில வெச்சுக்கிட்டு அதைப் பாத்தேன்.

எனக்குக் கோபம் வந்ததான்னு கேப்ப. சேச்சே. எனக்கு யார் மேல கோபம்? அந்த கேக்கை மட்டும் தின்ன முடியல. பேப்பர்ல சுத்தி வீட்டுக்குக் கொண்டாந்து காக்காய்க்குப் போட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் ஹெப்சி என் வீட்டுக்கு வந்தா. தலையெல்லாம் நனைஞ்சு. அடுப்புப் பக்கத்துல உக்கார வெச்சுத் துவட்டி விட்டேன். அப்பத்தான் சொன்னா. "அம்மா, எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்தோம், மூணு வருஷம் ஆச்சு. அவருக்குத்தான். டாக்டர் சொன்ன அன்னைக்கு அவரு பஸ்ஸுல வர்றப்ப அழுதாரும்மா, ஜன்னலைப் பாத்துக்கிட்டு. நாந்தான் அவருகிட்டச் சொன்னேன், வெளிய எல்லாம் எம்பேர்லயே இருக்கட்டும்னு. உங்கம்மாவுக்குக் கூட வேணாம்னு."

மூணு வருஷம் கண்ணு. மூணு வருஷம் அவ அந்தப் பேச்சையெல்லாம் வாங்கியிருக்கா, அவளுது இல்லாததை.

அப்புறம் எங்கையைப் பிடிச்சுக்கிட்டா. "அம்மா, உனக்குள்ளேயே வெச்சுக்கோ. யார்கிட்டயும் சொல்லிடாத."

நான் சொன்னேன், "நான் போய் யார்கிட்டடி சொல்லப்போறேன்?"

பாரு, கல்லாறு தாண்டிட்டோம். இனிமே வளைவுதான். பழத்தை மோந்துக்கோ.

எங்க சபையில பொம்பளைங்களுக்கு ஒரு ஜெபக் கூட்டம் உண்டு. வெள்ளிக்கெழமை சாயங்காலம். பதினாலு பதினஞ்சு பேரு. பாட்டுப் பாடி, வேதம் வாசிச்சு, அப்புறம் குறிப்பு சொல்றது. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க தேவையச் சொல்லணும். மகனுக்கு வேலை, மருமகளுக்குச் சுகம், யாருக்காவது கடைசி மூச்சு இழுத்துக்கிட்டு இருந்தா அது. தயாவதி டீச்சர்தான் மேட்டுத் தெருவுல அவங்க வீட்டுலயே நடத்துவாங்க. ஒரு நீள நோட்டுல பேரு போட்டு எழுதிக்குவாங்க. பூசி மெழுகினா அவங்களுக்குப் பிடிக்காது. "குறிப்பு தெளிவா இருந்தாத்தான் ஜெபம் தெளிவா இருக்கும், பேரைச் சொல்லுங்க"ம்பாங்க. எழுதி முடிச்சதும் எல்லாரும் ஒவ்வொரு பேரா எடுத்துச் சத்தமா ஜெபிப்போம்.

என்ன, என்னமோ சொல்ல வந்தியே? இரு, அப்புறம் சொல்லு. இந்த இடத்துல விட்டா எனக்குத் தொடர்ச்சி போயிரும்.

ஆறு வருஷமா என் குறிப்பு ஒண்ணேதான். "என் மகள் ஹெப்சிபாவுடைய கர்ப்பம் ஆசீர்வதிக்கப்படணும்." டீச்சர் எழுதக்கூட மாட்டாங்க, போன வாரத்துக்கு நேரா ஒரு கோடு போட்டு விடுவாங்க. அந்த வெள்ளிக்கெழமை எம்முறை வந்தது. சம்பந்தியம்மா அன்னைக்குக் கூட்டத்துக்கு வரல. கால்வலியாம். வந்திருந்தா நான் சொல்லியிருப்பேனோ என்னமோ. டீச்சர் கோடு போடப் போனாங்க. நான், "இருங்க டீச்சர், குறிப்பு மாறிருச்சு"ன்னேன்.

எல்லாரும் நிமிர்ந்து பாத்தாங்க.

"இனிமே என் மருமகன் ஜெயசீலனுக்காக ஜெபிக்கணும். கர்த்தர் அவரு சரீரத்தைத் தொடணும்."

அவ்வளவுதான். நீயே சொல்லு, வேற ஒரு வார்த்தை கூடக் கொறைய சொன்னேனா? பொய் சொன்னேனா? டீச்சர் பேனாவைப் பிடிச்சபடியே என்னைப் பாத்தாங்க. கிளாடிஸ்னு ஒரு பொம்பளை, அவ மட்டும் மெதுவாக் கேட்டா, "அப்ப ரெண்டு பேருக்கும் பாத்தாச்சாக்கா?" நான் வாயத் திறக்கல. தலையத்தான் ஆட்டினேன்.

அப்புறம் ஜெபிச்சோம். டீச்சருக்கு நல்ல கனத்த தொண்டை, நாப்பது வருஷம் வகுப்பு எடுத்த தொண்டை. "ஜெயசீலனின் குறையை நீக்கும் ஆண்டவரே"ன்னு ஜெபிக்கறாங்க. ஜன்னல் திறந்திருக்கு. எனக்குக் கண்ணுல தண்ணியா ஊத்துது. ஆறு வருஷம் அந்த அறையில என் மக பேரைச் சொல்லி ஜெபிச்சிருக்கோம், ஒரு நாளும் எனக்கு நெஞ்சு லேசானதில்ல. அன்னைக்கு லேசாச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு தோசை அதிகமாச் சாப்பிட்டேன். கர்த்தர் ஜெபத்தைக் கேட்டுட்டாருன்னு நெனைச்சேன்.

பர்லியாறு வந்தாச்சு. டீ குடிக்கறியா? வேணாமா. கீழ எறங்கினா காலாவது நீட்டலாம். சரி, உக்காந்திரு. அந்தக் குரங்கு பக்கம் கையை வெளிய வெக்காத, பழத்தைப் பிடுங்கிரும்.

யாரும் கெட்ட எண்ணத்துல ஒண்ணும் செய்யல, அதை நீ தெரிஞ்சுக்கணும். ஊருக்குள்ள யாரும் சிரிக்கல, யாரும் கேலி பேசல. கேலி பேசியிருந்தா அந்த மனுஷன் தாங்கியிருப்பாரு. எல்லாரும் பிரியமா இருந்தாங்க. செவ்வாக்கெழமை மார்க்கெட்டுல ஒரு பெரியவரு அவரு ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "கவலைப்படாதீங்க தம்பி, எங்க வீட்டுல எல்லாரும் உங்களுக்காக ஜெபிக்கறோம்"னு சொல்லியிருக்காரு. எதுக்குன்னு இவருக்குப் புரியல. "எதுக்குங்க"ன்னு கேட்டிருக்காரு. அவரு சொல்லியிருக்காரு. மார்க்கெட்டுல, கேரட் மூட்டைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு. வியாழக்கெழமை பாஸ்டர் ஐயா எண்ணெய்க் குப்பியோட ஆபீஸுக்கே போயிட்டாரு. கூட வேலை செய்யறவங்க எல்லாரும் எந்திரிச்சு நிக்க, தலையில கை வெச்சு ஜெபிச்சிருக்காரு. நல்ல மனுஷன் பாஸ்டர் ஐயா. மழையில நடந்தே போனாராம்.

ஞாயித்துக்கெழமை ஜெயசீலன் கோயிலுக்கு வரல. அதுக்கப்புறம் வரவே இல்ல.

சம்பந்தியம்மா என் வீட்டுக்கு வந்தாங்க. குடை கூட இல்லாம. உள்ள வாங்கன்னேன், வரல. வாசப்படியில நின்னுக்கிட்டுச் சொன்னாங்க, "பெத்தவ எனக்குத் தெரியாது, ஊருக்குத் தெரிஞ்சிருக்கு. கூட்டத்துக்குப் போற பொம்பளை எனக்கு வந்து ஆறுதல் சொல்றா. நான் உங்க மகளைப் பேசினது தப்பு, எந்தக் கால்ல வேணா விழறேன். ஆனா நான் என் வாயால பேசினேன். நீங்க கர்த்தரோட வாயைக் கடன் வாங்கிப் பேசிட்டீங்க."

எனக்கு அது புரியல கண்ணு. இன்னும் புரியல. ஜெபம் பண்ணச் சொன்னது எப்படித் தப்பாகும்? நான் யாரையாவது பேசினேனா?

ஹெப்சி மறுநாள் வந்தா. நான் பால் காய்ச்சிக்கிட்டு இருந்தேன். "அம்மா, நீ சொன்னியா?"ன்னு கேட்டா. "ஜெபத்துலதான் சொன்னேன்"னேன். அவ கத்தியிருக்கலாம், ரெண்டு போடு போட்டிருக்கலாம், நான் வாங்கிக்கிட்டிருப்பேன். பால் பொங்கி வழியுது, நான் அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கறேன், அவதான் வந்து அடுப்பை அணைச்சா. துணி எடுத்து மேடையத் தொடைச்சா. தொடைச்ச துணியப் பிழிஞ்சு காயப் போட்டுட்டுப் போயிட்டா. ஆகஸ்டு மாசம் வீட்டைக் காலி பண்ணிக்கிட்டு ரெண்டு பேரும் கோயமுத்தூருக்குப் போயிட்டாங்க. எங்கிட்டச் சொல்லல. வண்டிக்காரன் சொல்லித்தான் தெரியும்.

கூட்டத்துக்குப் போறத நான் விட்டுட்டேன். முட்டி வலி, படி ஏற முடியலன்னு டீச்சருக்குச் சொல்லிவிட்டேன். பாவம், அவங்க என் முட்டிக்காக ஜெபிக்கறாங்களாம். வீட்டுல தனியா முழங்கால் போட்டா எனக்கு வார்த்தை வர மாட்டேங்குது. என்னைச் சுத்திப் பதினாலு குரல் கேட்டே பழகிருச்சு. ஹெப்சின்னு ஆரம்பிப்பேன். அதுக்கு மேல என்ன கேக்கறதுன்னு தெரியாம ஆமென்னு எந்திரிச்சிருவேன்.

போன வாரம் சைலஸ்தான் போன்ல சொன்னான், "அம்மா, அக்காகிட்டப் பேசினேன். ஒரு தடவை வரட்டும்னு சொன்னா. போங்க. ஆனா எதுவும் கேக்காதீங்க. என்ன பாத்தாலும் கேக்காதீங்க." என்னத்தப் பாக்கப் போறேன்னு நெனைச்சுக்கிட்டே போனேன்.

ரெண்டாவது மாடி. கதவைத் தொறந்தா. "வாங்க"ன்னா. என்னை. பெத்து வளத்தவளைப் பால்கார அம்மாவக் கூப்பிடற மாதிரி. சரின்னு உள்ள போய் உக்காந்தேன். டீ குடுத்தா. டீயை வாயில வெச்சுக்கிட்டு நிமிர்ந்தா, எதுக்க பால்கனி. கொடியில துணி காயுது. சின்னச் சின்னத் துணி கண்ணு. என் உள்ளங்கை அளவு. நாலு. அதுக்குப் பக்கத்துல ஒரு கம்பளித் தொப்பி.

கோயமுத்தூரு வெயில்ல எந்தத் தாயாவது குழந்தைக்குக் கம்பளித் தொப்பி போடுவாளா? மலையில பொறந்தவதான் போடுவா. எங்க ஊர்ல பொறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் நான் தொப்பி பின்னிக் குடுத்திருக்கேன். அது கடையில வாங்கினது. ஓரத் தையல்லயே தெரியுது.

உள் அறைக் கதவு சாத்தியிருக்கு. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஜெயசீலன் குரல், மெதுவா, பாட்டு. அதே பழைய பாட்டு, புஸ்தகம் இல்லாமப் பாடுவாரே அது. தத்து எடுத்திருக்காங்க கண்ணு. வேற எப்படி? ஆணா பொண்ணான்னு கூடத் தெரியாது எனக்கு.

நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். நெசமாவே கடிச்சேன், பாரு, இன்னும் எரியுது. தக்காளி என்ன வெலைன்னு கேட்டேன். தண்ணி நாள் விட்டு நாள் வருதான்னு கேட்டேன். கொசு உண்டான்னு கேட்டேன். ஹெப்சி என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. அந்தக் கொடியையும் பாக்கறா, என்னையும் பாக்கறா. எடுத்து உள்ள போட்டிருக்கலாமே அந்தத் துணியை? போடல. வேணும்னேதான் போடல.

முக்கால் மணி நேரம். கேக்கல நான். ஒரு வார்த்தை கேக்கல.

கெளம்பறப்ப டப்பாவை வாங்கிட்டுப் போயி, வர்க்கியைக் கொட்டிக்கிட்டு, வெறும் டப்பாவாத் திருப்பிக் குடுக்காம சக்கரை போட்டுக் குடுத்தா. எங்க வீட்டுப் பழக்கம் அது, நான் கத்துக் குடுத்தது. வாசல்ல நின்னுக்கிட்டுச் சொன்னா, "அம்மா, நீ எதுவும் கேக்கல." அம்மான்னா. அப்புறம் எங்கையைப் பிடிச்சா. "இந்தத் தடவை அவரே தன் வாயால அவங்கம்மாகிட்டச் சொல்லணும்னு இருக்காரு. இன்னும் தைரியம் வரல அவருக்கு. அதுவரைக்கும் குன்னூருக்கு ஒரு வார்த்தை போச்சுன்னா எங்களை நீ மறந்துட வேண்டியதுதான். அடுத்த மாசம் வா. மடியில குடுக்கறேன்."

மடியில குடுக்கறேன்னு சொன்னா கண்ணு. அதான் இந்த டப்பாவைக் கீழ வெக்க மனசு வரல.

சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன். மேட்டுப்பாளையம் வந்து எறங்கற வரைக்கும் நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்தது. எத்தனை சந்தோஷம், எத்தனை பாரம், ரெண்டையும் ஒரே ஆளு எப்படிச் சுமக்கறது? அப்பத்தான் நீ பக்கத்துல வந்து உக்காந்த. யாரோ பெத்த பிள்ளை, முன்ன பின்ன தெரியாது, உங்கிட்டச் சொன்னா ஆத்துல போட்ட மாதிரி. அதான் சொல்லிட்டேன். இப்பத்தான் மூச்சே விடறேன். நெஞ்சு லேசா இருக்கு.

காட்டேரி தாண்டியாச்சு. பாரு, பனி எப்படி எறங்குது. ஸ்வெட்டர் வெச்சிருக்கியா? ஜூன் மாசத்துல இப்படித்தான் இருக்கும். இந்தத் திருப்பம் முடிஞ்சா பஸ் ஸ்டாண்டுதான்.

நானே பேசிக்கிட்டு வந்துட்டேன், உன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கல. எதுக்கு வந்திருக்க? ஸ்கூல்ல வேலைக்குச் சேரவா? நல்லது கண்ணு. எங்க தங்கப்போற? அத்தை வீட்டுலயா. அப்பாவோட அக்காவா. கூட்டிட்டுப் போக வருவாங்களா? எந்தத் தெரு?

மேட்டுத் தெருவா.

அங்க யாரு...

தயாவதி டீச்சரா?

நீ அதைச் சொல்லத்தான் வாயெடுத்தியா, அப்ப. நாந்தான் உன்னை விடல.

அழாத, நான் ஒண்ணும் அழல. கண்ணுல காத்து பட்டிருச்சு. இன்னைக்கு வெள்ளிக்கெழமை. ஆமா. சாயங்காலம் வீட்டுல கூட்டம். வந்ததும் வராததுமா உக்காரணும்னு சொன்னாங்களா. ஒரு குறிப்பு யோசிச்சு வெச்சுக்கிட்டு வரச் சொன்னாங்களா. ஆமா, அவங்க அப்படித்தான், புதுசா வர்றவங்களைத்தான் முதல்ல சொல்லச் சொல்லுவாங்க.

கண்ணு. இங்க பாரு. டப்பாவை அந்தப் பக்கம் வெச்சுட்டேன், உங்கையைக் குடு. எலுமிச்சம்பழம் கெடக்கட்டும், கையைக் குடு. உன் அத்தை நல்லவங்க. அவங்க பிரியத்துலதான் கேப்பாங்க, பிரயாணம் எப்படி இருந்தது, பக்கத்துல யாரு வந்தாங்கன்னு. நீ தூங்கிட்டேன்னு சொல்லு. வயித்தைப் பெரட்டுச்சு, கண்ணை மூடிக்கிட்டேன்னு சொல்லு. உனக்குள்ளேயே வெச்சுக்கோ சாமி. ஜெபத்துல கூட வேணாம். ஜெபத்துல வேணவே வேணாம்.

என்ன சொன்ன? பஸ்ஸு சத்தத்துல கேக்கல, இன்னொரு தடவை சொல்லு.

"நான் போய் யார்கிட்டம்மா சொல்லப்போறேன்"னா?

ஆமா கண்ணு. ஆமா.

நானும் அன்னைக்கு அதைத்தான் சொன்னேன்.